படகில் வந்த தூக்கம்

என் வீட்டுக்காரர் படகில் குடியிருக்கப் போகிறேன் என்று சொன்னபோது நான் முந்திரிக்கொட்டை காயவைத்துக்கொண்டிருந்தேன். கேட்டதும் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. சொல்லிவிட்டு வாசலில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். வளைகுடாவிலிருந்து வேலையை முடித்துக்கொண்டு வந்த நாளிலிருந்து அவருடைய இடம் அந்த நாற்காலிதான்.

எங்கள் ஊர் ஜெயங்கொண்டத்துக்கும் தா.பழூருக்கும் நடுவில் இருக்கிறது. மானாவாரி நிலம், முந்திரிக் கொல்லை. கடல் என்றால் வேளாங்கண்ணிக்குப் போகும்போது பார்ப்பதுதான். அப்படிப்பட்ட ஊரிலிருந்து போனவர் இருபது வருஷத்துக்கு மேல் கடலிலேயே இருந்தார். துறைமுகத்திலிருந்து எண்ணெய்க் கிணறுகளுக்குச் சாப்பாடும் தண்ணீரும் ஆட்களும் ஏற்றிப்போகும் படகு ஒன்றில் இன்ஜின் வேலை. கரையில் அவருக்கு அறை கிடையாது. படகிலேயே சமையல், படகிலேயே படுக்கை. இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு மாதம் லீவில் வருவார். கல்யாணமான நாள் முதல் நாங்கள் ஒன்றாக இருந்த மாதங்களையெல்லாம் சேர்த்தால் இரண்டு வருஷம் தேறுமா என்பது சந்தேகம்.

லீவில் வரும்போது எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. விருந்து, சிறுவாச்சூர் கோயில், சொந்தக்காரர் வீடு என்று நாள் ஓடிவிடும். ஒரேயடியாக வந்து சேர்ந்த பிறகுதான் எங்கள் இருவருக்கும் விஷயம் பிடிபட்டது. அவருக்கு வீட்டில் இருக்கத் தெரியவில்லை. தண்ணீர் குடித்த தம்ளரை மேஜை ஓரத்தில் வைக்காமல் சுவரோரமாகத் தள்ளித் தள்ளி வைப்பார். சட்டையைப் பாய்போலச் சுருட்டித் தலைமாட்டில் சொருகிக்கொள்வார். பிரிட்ஜைத் திறக்கும் முன் என்னைப் பார்ப்பார். விடியும் முன்பே எழுந்து வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து, கதவு, கேட், மோட்டார் கொட்டகை எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துவிட்டு வந்து மறுபடி படுப்பார். தூங்க மாட்டார். நான் புரண்டு படுத்தால் அவர் கண் திறந்திருக்கும்.

கொல்லை வேலையைத் தானே பார்த்துக்கொள்வதாக ஒரு தடவை கிளம்பினார். நான் தடுக்கவில்லை. வேலைக்கு வந்த பெண்களிடம், கீழ்க்கொல்லையில் முதலில் கொட்டை பொறுக்கச் சொல்லியிருக்கிறார். அவர்கள் நல்லவிதமாகவே, "அக்கா வரட்டுங்க, கேட்டுக்கிட்டு செய்றோம்" என்றார்களாம். அவர்கள்மேல் தப்பில்லை. இத்தனை வருஷமாகக் கொல்லையை நடத்தியது நான்தான். அவர் வீட்டுக்கு வந்துவிட்டார். அதற்குப் பிறகு கொல்லைப் பக்கம் போகவே இல்லை.

பெரம்பலூரில் கட்டிக்கொடுத்திருந்த மகள் வந்தால், "வாங்கப்பா, உக்காருங்கப்பா, காபி குடிக்கிறீங்களா" என்று கேட்பாள். அது அவருடைய வீடு. அவளோ வந்துபோகிற விருந்தாளி. ஆனால் கேட்பது அவளாக இருக்கும்.

அதனால் படகுப் பேச்சு சும்மா எழுந்ததல்ல என்று பின்னால் புரிந்தது. அவர் நாகப்பட்டினம் பக்கம் போய் ஒரு பழைய பைபர் படகைப் பார்த்து வாங்கிவிட்டார். பின்னால் மாட்டுகிற இன்ஜினும் அதோடு வந்தது. லாரியில் ஏற்றி ஊர் வழியாகக் கொண்டுபோனபோது எங்கள் தெருவே வந்து நின்று பார்த்தது. அணைக்கரையில் இருக்கும் அணைக்கு மேலே, கொள்ளிடத்தில் தண்ணீர் தேங்கி நிற்கும் இடத்தில், வடகரையை ஒட்டி அதை இறக்கினார்கள். ஆற்றில் மீன் குத்தகை எடுத்திருந்தவர்கள் பரிசலில் வலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய வலையையும் மீன் கூடையையும் இழுத்துக்கொடுப்பதாகச் சொல்லி அவர்களிடம் ஒத்துக்கொண்டார். வெளியில் சொல்வதற்கு அவருக்கும் ஒரு வேலை இருந்தது.

ஒரு மாதத்தில் படகின் நடுவில் ஒரு சின்ன அறை எழும்பியது. இரண்டு பக்கமும் பலகைப் படுக்கை. பானை நழுவாமல் இருக்க விளிம்பில் கம்பி வைத்த அடுப்பு மேடை. கூரைமேல் சூரிய ஒளித் தகடு, அதிலிருந்து ஒரு விளக்கு, ஒரு சின்ன காற்றாடி. எல்லாவற்றையும் தன் கையாலேயே செய்தார். வீட்டில் ஒரு ஆணி அடிக்கக்கூட, எங்கே அடிக்க என்று என்னைக் கேட்டவர் அவர்.

முதலில் நான் போகவில்லை. கோபம். ஊரில் பேச்சு வேறு கிளம்பிவிட்டது. நாங்கள் பிரிந்துவிட்டோம் என்றார்கள். அவருக்கு வளைகுடாவில் ஏதோ ஆகிவிட்டது, மனசு சரியில்லை என்றார்கள். மகள் போன் செய்து அழுதாள்.

"அப்பாவ வூட்டுக்குக் கூப்புடும்மா. என் மாமியா தெனம் கேக்குறாங்க, உங்கப்பா ஏன் ஆத்துல கெடக்குறாருன்னு. நான் என்னத்த சொல்றது?"

எனக்கும் தெரியவில்லை. ஒருநாள் குழம்பும் சோறும் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்றுதான் போனேன்.

கரையிலிருந்து படகுக்கு ஒரு பலகை போட்டிருந்தார். ஆற்றங்கரையில், முதலை நடமாட்டம் உண்டு, இறங்கிக் குளிக்க வேண்டாம் என்று ஒரு போர்டு இருந்தது. அதைப் படித்துவிட்டுப் பலகையில் கால் வைக்கத் தயங்கினேன். அவர் கை நீட்டினார். பிடித்துக்கொண்டு ஏறினேன். படகு என் எடைக்கு ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் அதற்குமுன் பார்த்த ஞாபகமில்லை. சாமான் பெட்டியைத் திறந்து காட்டினார், கயிறு சுருட்டி வைத்திருப்பதைக் காட்டினார், காற்றாடியைப் போட்டுக் காட்டினார். வீட்டுக்கு வாங்க என்று சொல்ல வந்த வாய், "நல்லாத்தான் இருக்கு" என்றது.

அன்றைக்குக் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டேன். வேண்டுமென்றே தவறவிட்டேன் என்றும் சொல்லலாம். பலகைப் படுக்கையில் எனக்குத் தூக்கம் வரவில்லை. காதுக்குக் கீழேயே தண்ணீர் நகரும் சத்தம். விடிந்து வெளிச்சம் வந்ததும் எதிர்ப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவர் வாயைத் திறந்து, ஒரு கை தொங்க, அடித்துப்போட்டதுபோல் தூங்கிக்கொண்டிருந்தார். வெயில் முகத்தில் விழுந்தும் அசையவில்லை. கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. சந்தோஷப்படவேண்டிய விஷயம்தான். எனக்கு நெஞ்சு வலித்தது. நான் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீட்டில், நான் போட்ட மெத்தையில் வராத தூக்கம் அது.

அதன்பிறகு வாரத்தில் மூன்று நாள் படகு, நான்கு நாள் வீடு என்று எனக்கு ஆகிவிட்டது. கொல்லை வேலையைப் பார்த்துவிட்டுத் துணிப்பையோடு பஸ் ஏறுவேன். கண்டக்டர்கள்கூட எங்கே போகிறேன் என்று கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

படகு வாழ்க்கை நான் நினைத்ததைவிடக் கஷ்டம். குடிதண்ணீரைக் கேனில் சுமந்து வர வேண்டும். கழிப்பறைக்கு, கரையில் மீன்காரர்கள் கட்டியிருந்த தகரக் கொட்டகைக்குத்தான் போக வேண்டும். மழை பெய்தால் துணி நாலு நாளைக்குக் காயாது. வாளியில் மொண்டு படகின் பின்பக்கம் உட்கார்ந்து குளிப்பேன், கண் முழுக்கத் தண்ணீர்மேலேயே இருக்கும். ஒருநாள் காலை எதிர்மணல்திட்டில் மரக்கட்டை ஒதுங்கியிருக்கிறது என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டை வாயைத் திறந்தது. நான் உள்ளே ஓடி கதவைச் சாத்திக்கொண்டேன். அவர் டீ ஆற்றிக்கொண்டே, "அது பாட்டுக்கு அது கெடக்கும். நாம பாட்டுக்கு நாம கெடப்போம்" என்றார்.

அதைவிட எனக்குக் கஷ்டமாக இருந்தது வேறொன்று. உப்பை எங்கே வைப்பது என்று அவரைக் கேட்க வேண்டியிருந்தது. செருப்பை நான் விட்ட இடத்திலிருந்து எடுத்து அவர் வேறிடத்தில் வைப்பார். ஈரத்துணியைக் கம்பியில் போட்டால், அந்தக் கம்பியில் போடாதே என்பார். திட்ட மாட்டார், மெதுவாகத்தான் சொல்வார். ஆனாலும் நாலு தடவை கேட்டபின் கை தானாகத் தயங்க ஆரம்பித்தது. ஒரு சாயங்காலம் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே தொங்கவிடுவது என்று நின்றபோதுதான், பிரிட்ஜைத் திறக்கும் முன் என்னைப் பார்த்த அவர் முகம் நினைவுக்கு வந்தது. அதை அவரிடம் சொல்லவேண்டும் என்றிருந்தது. சொல்லவில்லை. மறுநாள் அவரே என் துணிப்பைக்கு ஒரு கொக்கி அடித்துக் கொடுத்தார்.

ஆற்றுக்குப் பொறுப்பான அதிகாரி ஒருவர் ஒரு தடவை வந்தார். மரியாதையாகப் பேசினார். மீன் வேலைக்குப் பகலில் படகு ஓட்டலாம், குடியிருக்கக் கூடாது, வெள்ளம் வந்தால் தன் துறைதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்றார். அவர் சொன்னதில் ஞாயம் இருந்தது. வீட்டுக்காரர் தலையாட்டினார். அதிகாரி போனதும் வழக்கம்போல் படுக்கையை விரித்தார்.

வெள்ளம் வந்தது. மேட்டூர் நிரம்பி உபரித் தண்ணீரைக் கொள்ளிடத்தில் திறந்துவிடப் போகிறார்கள் என்று செய்தியில் சொன்னார்கள். கரையோரமாக ஆட்டோவில் மைக் கட்டி அறிவித்துக்கொண்டு போனார்கள். அன்று நான் படகில் இருந்தேன். கிரேன் வைத்துத் தூக்கிவிடலாம் என்று அவர் ஜெயங்கொண்டத்துக்குப் போன் போட்டார். கரைமேல் கனமான வண்டியை விட மாட்டோம், கரை இளகியிருக்கிறது என்று அதிகாரிகள் தடுத்துவிட்டார்கள். மதியத்துக்குள் தண்ணீரின் நிறம் மாறிவிட்டது. செம்மண் கரைத்துவிட்ட மாதிரி ஓடியது. கரையிலிருந்து போட்ட பலகை ஒரு இழுப்பில் போய்விட்டது.

அணையின் மதகுகளை எல்லாம் தூக்கிவிட்டிருந்தார்கள். படகு அவிழ்ந்து போனால் நேரே மதகில்தான் போய் மோதும். அவருக்கு அதுதான் கவலை. மேலே கொஞ்ச தூரத்தில் ஒரு ஓடை ஆற்றில் வந்து கலக்கும் இடம் இருக்கிறது, அங்கே இழுப்பு குறைவாக இருக்கும், அதில் கொண்டுபோய் மரத்தில் கட்டிவிடலாம் என்றார்.

"நீ எறங்கிக்க. மீன்காரங்க கைய புடிச்சு தூக்கிவுடுவாங்க" என்றார்.

"நீங்க?"

"நான் படகக் கொண்டுபோய் கட்டிட்டு வரேன்."

"ஒத்தையா எப்புடிக் கட்டுவீங்க? கயிறு யாரு புடிப்பா?"

ஒற்றை ஆளாக முடியாது என்பது அவருக்கே தெரியும். எனக்கு நீச்சல் தெரியாது. நான் இறங்கவில்லை. வீரத்தினால் இல்லை. அவர் தனியாகப் போவதைக் கரையில் நின்று பார்க்க என்னால் முடியாது என்று தோன்றியது. இத்தனை வருஷம் அவர் போவதைப் பார்த்து நின்றது போதும் என்று இருந்தது. அவர் என் மேல் மிதவைச் சட்டையை மாட்டி வாரை இறுக்கினார். மூச்சு முட்டியது.

இன்ஜின் பிடித்துக்கொண்டது. கரையை ஒட்டியே மேலே ஏறினோம். இன்ஜின் கத்தியது, ஆனால் கரையில் நின்ற மரங்கள் எங்களைத் தாண்டி மிக மெதுவாகத்தான் போயின. பாதி தூரம் போயிருப்போம். ஆகாயத்தாமரை ஒரு பாய்போலத் திரண்டு வந்து படகைச் சுற்றிக்கொண்டது. இன்ஜின் இருமி நின்றது. சத்தம் நின்றதும் ஆற்றின் சத்தம் கேட்டது. படகு திரும்பி, வந்த வழியே போக ஆரம்பித்தது.

"நங்கூரத்தப் போடு" என்றார். கத்தவில்லை. வீட்டில் சாப்பாடு போடு என்பதுபோலத்தான் சொன்னார். நான் முன்பக்கம் தவழ்ந்து போய் இரும்பைத் தள்ளிவிட்டேன். கயிறு என் கையைத் தேய்த்துக்கொண்டு ஓடியது. நங்கூரம் பிடிக்காமல் கொஞ்ச தூரம் தரையில் இழுபட்டது, பிறகு எதிலோ மாட்டி ஒரே வெட்டாக வெட்டியது. நான் குப்புற விழுந்து உதடு கிழிந்தது. எழுந்து பார்த்தால் மதகுகள் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருந்தன.

அவர் இன்ஜினைத் தூக்கி நிறுத்திவிட்டு, பின்விளிம்பில் கவிழ்ந்து படுத்து அரிவாளால் அதன் விசிறியில் சுற்றிய கொடியை அறுத்துக்கொண்டிருந்தார். ஒரு கை தோள் வரை தண்ணீரில் நனைந்திருந்தது. நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். மணல்திட்டில் பார்த்தது நினைவுக்கு வந்தது.

இன்ஜின் மறுபடி பிடித்தது. நங்கூரத்தை இழுக்கச் சொன்னார். வரவில்லை. "அறுத்துவுடு" என்று அரிவாளைத் தள்ளிவிட்டார். அந்தத் தடித்த கயிற்றை நான் எத்தனை இழுப்பில் அறுத்தேன் என்று தெரியாது. அறுந்ததும் படகு துள்ளி முன்னால் போனது. ஓடை வாயில் மீன்காரர்கள் ஓடி வந்து நின்றிருந்தார்கள். நான் வீசிய கயிறு முதல் தடவை தண்ணீரில் விழுந்தது. இரண்டாவது தடவை பிடித்துவிட்டார்கள். புங்க மரத்தில் சுற்றிக் கட்டினார்கள். எங்களை இடுப்பளவுத் தண்ணீரில் இறக்கி மேலே ஏற்றினார்கள்.

கரையில் போய் உட்கார்ந்தோம். அவர் என் கையைப் பிரித்துப் பார்த்தார். உள்ளங்கை தோல் உரிந்திருந்தது. தன் துண்டை நனைத்துச் சுற்றிக்கொண்டே, "நீ இல்லாட்டி நான் போயிருப்பேன்" என்றார்.

படகு பிழைத்துவிட்டது என்றுதான் நினைத்தோம். தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வெள்ளம் உச்சத்தில் இருந்த ஒருநாள் பெரிய மரம் ஒன்று வேரோடு வந்து அதன்மேல் மோதியது. கட்டிய இடத்திலேயே சாய்ந்து மூழ்கியது. தண்ணீர் வடிந்தபின் போய்ப் பார்த்தோம். அவர் கட்டிய அறையைக் காணோம். படகு விளிம்பு வரை வண்டல் நிரம்பி, யாரோ மண் கொட்டிச் செடி வைக்கத் தயார் செய்ததுபோல் கிடந்தது. அவர் அதன் பக்கத்தில் நின்று ஒரு கையால் தடவினார். எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அவர் முகத்தைப் பார்த்ததும் அந்த நிம்மதியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்தோம். மகளுக்குச் சந்தோஷம். ஊருக்கும் பேச ஒன்றுமில்லாமல் போனது. அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், இரண்டு வாய் சாப்பிடுவார். ஆள் இளைத்துக்கொண்டே வந்தார். அரியலூருக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சர்க்கரை இல்லை, ரத்தக் கொதிப்பு இல்லை. டாக்டர், ஏதாவது வேலையில் ஈடுபடச் சொல்லுங்கள் என்றார். திரும்பி வரும்போது செந்துறை தாண்டி பஸ் ஒரு இடத்தில் ரொம்ப நேரம் நின்றது. அவர் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே பேசினார்.

"வூட்டுல எனக்கு என்ன வேலன்னு தெரியல. நீ எல்லாத்தயும் நல்லா வெச்சிருக்க. அதுல நான் எங்க நிக்கிறதுன்னு தெரியல."

அவர் அதுவரை அப்படி ஒன்றைச் சொன்னதில்லை. ஆறுதலாக ஏதாவது சொல்லியிருக்கலாம். பொய்யாகிவிடும் என்று பயந்தேன்.

"எனக்கும் தெரியலங்க" என்றேன்.

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. பஸ் கிளம்பியதும் என் கையை எடுத்து, ஆறியிருந்த தழும்பைப் பார்த்துவிட்டு மடியிலேயே வைத்துக்கொண்டார்.

பிறகு நடந்தது நாங்கள் இருவரும் பேசி முடிவு செய்தது. காரைக்கால் பக்கம் ஒரு துறைமுகத்தில், கப்பல்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் சின்ன லாஞ்சில் இன்ஜின் பார்க்க ஆள் தேடினார்கள். அவருடன் வளைகுடாவில் இருந்தவர் மூலமாக வந்த தகவல். வயதைப் பார்த்துத் தயங்கினார்கள், வேலையைப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். லாஞ்சிலேயே தங்கலாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வரலாம். இடையில் நான் சில நாள் போய்வருவேன். அந்த லாஞ்சில் பெண்கள் தங்க முடியாது. துறைமுகத்துக்கு வெளியே ஒரு கடையில் உட்கார்ந்து டீ குடித்துப் பேசிவிட்டு நான் திரும்புவேன். சம்பந்தி வீட்டில் இன்னும் கேட்கிறார்கள். மகள் இப்போது, அப்பாவுக்கு வேலை என்று சொல்லிவிடுகிறாள். நாங்கள் வாழ்வது சரியா என்று எனக்குள் ஒரு கேள்வி இருக்கத்தான் செய்கிறது. வெறும் படுக்கையைப் பார்க்கும்போது அது பெரிதாகும். கொல்லையில் வேலை மும்முரமாக இருக்கும்போது மறந்துபோகும்.

இந்த வருஷ முந்திரி அறுவடைக்கு அவர் சேர்ந்தாற்போல் லீவு போட்டுவிட்டு வந்தார். கொல்லையில் கொட்டை உடைக்கும் இடத்தில் மோட்டார் பழுதாகியிருந்தது, சரிசெய்து கொடுத்தார். பெண்கள் அவரிடம் நேராகவே வந்து பேசினார்கள். ஒரு வாரம் நன்றாகப் போனது. அதற்கப்புறம் விடியற்காலையில் கேட் தாழ்ப்பாள் சத்தம் கேட்க ஆரம்பித்தது. மறுநாளும் கேட்டது. தம்ளர் சுவரோரம் நகர்ந்தது.

மூன்றாம் நாள் காலையில் அவர் துணிகளை நானே மடித்துப் பையில் வைத்து, கொஞ்சம் முந்திரிப் பருப்பும் ஊறுகாயும் கட்டி, கதவருகில் வைத்தேன். குளித்துவிட்டு வந்தவர் பையைப் பார்த்து நின்றார்.

"போகச் சொல்றியா?"

"போயிட்டு வாங்கன்னு சொல்றேன்."

அவர் தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே போய் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். பஸ் ஸ்டாப் வரை கூடவே நடந்தேன். வழியில் கீழ்க்கொல்லை வேலியில் ஒரு கம்பி அவிழ்ந்திருப்பதாகச் சொன்னார். அடுத்த தடவை வரும்போது கட்டித் தருகிறேன், நீ ஆள் வைத்துச் செய்துவிடாதே என்றார். சரி என்றேன். பஸ் வந்தது, ஏறினார். கொட்டை ஏற்ற வண்டி வரும் நேரமாகியிருந்ததால் நான் கொல்லைப் பக்கம் திரும்பி நடந்தேன்.